தாடைக்கு நெட்டி எடுக்காதீர்கள்

மோவாயைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருகி ‘டக்’கென்று நெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் வாயைத் திறக்க முடியாமல் வருபவர்கள் குறைந்தபாடில்லை. விலகிய எலும்பை உட்கார வைத்தார்களாம்.

எந்த எலும்பும் விலகவில்லை. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே உருள்வதுதான் தாடை மூட்டு. அதற்குள் மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அது சற்று முன்னே நகர்ந்திருந்தால், வாய் திறக்கும்போது எலும்பின் தலை அதன்மேல் ஏறும். அந்தச் சத்தம்தான் ‘டக்’. வலியில்லாமல் சத்தம் மட்டும் வருபவர்கள் ஏராளம். அதற்கு வைத்தியமே வேண்டாம். மூட்டு நிஜமாகவே கழன்றிருந்தால் திறந்த வாயை மூட முடியாது. நெட்டி எடுப்பதால் வட்டு திரும்பிப் போய் உட்காராது, அதைப் பிடித்திருக்கும் நார்கள்தான் இழுபடும். சத்தம் நின்றதே என்று மகிழாதீர்கள். கூடவே மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கவில்லை என்றால், வட்டு சிக்கியிருக்கலாம்.

வலி பெரும்பாலும் தசையில்தான். கடைவாய்ப் பற்களைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர், நெற்றிப்பொட்டில் அசைவது டெம்போராலிஸ். பிசைய வேண்டியது இவற்றை, மூட்டை அல்ல.

முதலில் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொட வேண்டாம். கடித்தபடி பிசைந்தால் பலகையைப் பிசைந்த மாதிரிதான். இரண்டு விரல் நுனிகளால் கன்ன எலும்புக்குக் கீழிருந்து தாடை மூலைவரை சிறு வட்டங்களாக இறங்குங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் 20, 30 நொடி அழுத்தி நிறுத்துங்கள். வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. மீறினால் தசை இன்னும் இறுகும். பக்கத்துக்கு 2 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். (முகத்தில் உருட்டும் மசாஜ் கல் வாங்காதீர்கள். விரலுக்குத் தெரியும் முடிச்சு கல்லுக்குத் தெரியாது.) தாடை மூலைக்குக் கீழே கழுத்துப் பக்கம் அழுத்தவே கூடாது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அங்கேதான் ஓடுகிறது. வாய்க்குள் விரல் விட்டுச் செய்வதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பகலெல்லாம் பல்லைக் கடித்துவிட்டு இரவில் பிசைந்து என்ன பயன்? சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. சூயிங்கத்தை நிறுத்துங்கள். கொட்டாவி வந்தால் நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், வாய் அளவுக்கு மீறித் திறக்காது.

வீக்கம், காய்ச்சல், பல்வலி, அடிபட்ட தாடை என்றால் மசாஜ் வேண்டாம், பல் மருத்துவரிடம் போங்கள். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டுவலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் அழற்சியாக இருந்தால் பார்வையே போகலாம். தாடை வலியோடு நெஞ்சு அடைப்பதும் வியர்ப்பதும் மூச்சு முட்டுவதும் சேர்ந்தால், தயவுசெய்து கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.