நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று பந்துக் கருவியை ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள்

விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்தபடி நுரையீரலின் ஒரு பகுதியை எடுக்கும் ஆபரேஷனை வேலூரில் செய்துகொண்டு, குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ திரும்புகிறவர்கள் தழும்பின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். நுரையீரலின் பெரிய பிரிவுகளில் ஒன்றை, அதாவது ஒரு மடலை எடுத்தால், துளை வழியாக எடுத்தாலும் நெஞ்சைத் திறந்து எடுத்தாலும் போவது அதே அளவு நுரையீரல்தான்.

நுரையீரல் இரண்டையும் சேர்த்து 19 கூறுகள் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். வலது கீழ் மடலில் 5. ஆபரேஷனுக்கு முன் மூச்சுத் திறன் சோதனையில் முதல் விநாடியில் 2 லிட்டர் காற்றை ஊதியவருக்கு அந்த மடல் போனபின் 2 × 14/19, அதாவது சுமார் 1.47 லிட்டர் மிஞ்சும். காசநோயால் முன்பே பாழாகிவிட்ட மடல் என்றால் இழப்பு இதைவிடக் குறைவு. மிச்சமுள்ள பகுதி அடுத்த சில மாதங்களில் விரிந்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்தே கிடந்தால் அடிப்பகுதி சுருங்கும், அங்கே சளி தேங்கும், நிமோனியா வரும்.

இதற்கெல்லாம் தொடக்கம் பெரும்பாலும் வலி. வலித்தால் யாரும் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள். அதனால் வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்காதீர்கள். வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும், முக்கினால் நெஞ்சு இன்னும் வலிக்கும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்ததும் பலர் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். அது மூச்சை உள்ளே இழுப்பதற்கான கருவி; இழுக்கும்போது உள்ளே உள்ள பந்துகள் மேலே எழும்பும். நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, நிதானமாக இழுங்கள். பந்துகளின் மேல் உள்ள 600, 900, 1200 என்ற எண்கள் விநாடிக்கு இத்தனை மி.லி. என்ற வேகத்தைக் குறிப்பவை. மூன்றையும் வெடுக்கென்று தூக்கிப் போட்டுவிடுவதில் பயன் குறைவு. இரண்டு பந்துகளை 3 விநாடி மேலேயே நிறுத்துவதுதான் நுரையீரலை விரிக்கும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. தலை சுற்றினால் நிறுத்தி இளைப்பாறுங்கள். முடித்ததும் தையல் போட்ட பக்கம் தலையணையை அணைத்துப் பிடித்து, வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ளி, பிறகு இருமிச் சளியைத் துப்புங்கள். நெஞ்சுக்குள்ளிருந்து காற்றையும் நீரையும் பாட்டிலுக்கு வெளியேற்றும் நெஞ்சுக் குழாயில் காற்றுக் குமிழி வந்துகொண்டிருந்தால் எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஆபரேஷன் ஆன உடம்பு, அசையாதே” என்று அன்போடு சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியை நடக்க விடுங்கள். டாக்டர் அனுமதித்தால் மறுநாளே நடக்கலாம், குழாயோடும் நடக்கலாம். பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்; குழாயை நீங்களாக மடக்கவோ கவ்வி போடவோ கூடாது. வீட்டுக்கு வந்தபின் 5 முதல் 10 நிமிடம், தினம் மூன்று நான்கு முறை, சமதளத்தில். பேச்சு தொடர்ந்து வரும் வேகம் போதும். வேலூர் சித்திரை வெயிலில் காலை 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கோட்டை மைதானம் இதற்கு நல்ல இடம். தோளையும் தினம் மேலே தூக்கி இறக்குங்கள், இல்லாவிட்டால் அது இறுகிவிடும்.

பீடி, சிகரெட் முற்றிலும் கூடாது. வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்றால் புகையிலைத் தூள் பறக்கும் அறையில் நோயாளி படுக்க வேண்டாம். விறகடுப்பும் கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. தோல் பதனிடும் ஷாப்பில் ரசாயன நெடியில் வேலை செய்பவர், திரும்பப் போகுமுன் டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது, கழுத்திலோ நெஞ்சிலோ தோல் உப்பி அழுத்தினால் நறநறப்பது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

சுமார் மூன்று மாதம் கழித்து மூச்சுத் திறன் சோதனையும் 6 நிமிட நடைச் சோதனையும் செய்து பார்ப்பது நல்லது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டை அன்று கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் புதிய எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.