நச்சுயிரியா, தீநுண்மியா?

இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டாச் செடிக்கு வீட்டிலேயே செய்துபார்க்கும் வைரஸ் பரிசோதனையை ‘நச்சுச் சோதனை’ என்று தமிழாக்குவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். இது கேடு விளைவிக்கும் தவறு. ஹோஸ்டாவில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இயல்பாகவே இருப்பதால், அதைத் தின்ற நாய்க்கும் பூனைக்கும் வாந்தி வரும். ‘நச்சு இல்லை’ என்ற முடிவைப் படிப்பவரோ, பூனை கடித்தாலும் கவலையில்லை என்றே எண்ணிக்கொள்வார்.

வைரஸ் என்பது நஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல். புகையிலைச் செடியில் தேமல் நோயை உண்டாக்கும், வடிகட்டியிலும் தங்காத தொற்றுப்பொருளை 1898-இல் டச்சு அறிவியலாளர் பெய்யரிங்க் இச்சொல்லால் குறித்தார்.

இந்த மூலத்தைக் காட்டியே வைரஸுக்கு ‘நச்சுயிரி’ என்ற தமிழாக்கத்துக்கு வாதாடுகிறார்கள்; ‘நச்சுச் சோதனை’ அதன் குறுக்கம்தான். மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-இல் விவரித்த, இச்சோதனை தேடும் ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் நஞ்சு எதையும் சுரப்பதில்லை. செடியின் உயிரணுவுக்குள் புகுந்து, அதைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. இலை நரம்போரம் மை கசிந்ததுபோல் கறை படர்வது அதன் அடையாளங்களில் ஒன்று. நச்சு என்றால் முறிக்க மருந்து உண்டு என்று தோன்றும். இதற்கு மருந்தே இல்லை, செடியை வேரோடு அகற்ற வேண்டும், சாறு பட்ட கத்தியையும் நன்கு கழுவ வேண்டும். ‘உயிரி’ என்ற பகுதியும் பொருந்தவில்லை: உயிரணுவுக்கு வெளியே பெருக இயலாத ஒன்றை உயிருள்ளது என்று சொல்லலாமா என்பதே இன்னும் முடியாத விவாதம்.

வைரஸுக்கான மற்றொரு தமிழாக்கமான ‘தீநுண்மி’ இவ்விரு சிக்கலையும் தவிர்க்கிறது. தீவினையில் உள்ள ‘தீ’ கேட்டைச் சொல்கிறது. ‘நுண்மி’ சிறுமையை மட்டுமே சொல்கிறது. பாக்டீரியாவும் தீய நுண்பொருள்தானே என்பார்க்கு, அதற்கு ‘நுண்ணுயிரி’ இருக்கிறது என்பதே விடை. தீநுண்மி பழகாதவர்கள் வைரஸ் என்றே எழுதட்டும். தெளிவில்லாத தனித்தமிழைவிட அது மேல்.

அகராதியின் முதல் பொருளை எடுத்துவைக்கும் இப்பழக்கம் முடிவைச் சொல்லும் இடத்திலும் தொடர்கிறது. இலைத்துண்டைக் கரைசல் பையில் நசுக்கி, அதில் சோதனைப் பட்டையை நிறுத்தியதும் இரண்டு கோடுகள் தெரிந்தால் ‘நேர்மறை’ என்கிறார்கள். நல்ல செய்தி என்றல்லவா அது ஒலிக்கிறது? ‘தொற்று உண்டு’ என்று எழுதலாம். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தால் ‘தொற்று தென்படவில்லை’ என்பதே சரி. புதிதாகத் தொற்றிய செடியில், கிள்ளியெடுத்த துண்டுவரை தீநுண்மி இன்னும் பரவாமலிருக்கலாம்.