கோபுரம் 3,670இல், செயற்கைக்கோள் 3,700இல்: நடுவில் திணறும் எல்.என்.பி.

தெருமுனையில் 5ஜி கோபுரம் வந்த பிறகு கேபிள் டிவியில் சில சானல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன, மற்றவை தெளிவாகவே வருகின்றன. இரண்டுக்கும் வேறு வேறு அலைக்கற்றைதானே ஒதுக்கியிருக்கிறார்கள், பிறகு எப்படி மோதும் என்று கேட்கிறார்கள். கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிகிறது என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இந்தப் பாதிப்போ உண்மையானது, கருவி வைத்து அளந்து காட்டக்கூடியது.

எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்று அட்டவணை போடுவது ஐ.டி.யு. என்கிற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அந்த அட்டவணையில் 3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரை, செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் அலைகளுக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. சி பேண்ட் என்பது இதுதான். கேபிள் ஆபரேட்டர்கள் செயற்கைக்கோளிலிருந்து சானல்களை டிஷ் வைத்துப் பிடிப்பது இதில்தான். 2022 ஏலத்தில் இந்தியா 3,300 முதல் 3,670 வரை 5ஜிக்குக் கொடுத்தது. டிவிக்கு 3,700க்கு மேலே. நடுவில் விட்ட இடைவெளி 30 மெகாஹெர்ட்ஸ்.

டிவியை அப்படியே டிடிஎச் இயங்கும் கேயூ பேண்டுக்கு, அதாவது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், மாற்றிவிட முடியாதா என்றால், மழை விடாது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் 12 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு 5 டெசிபெல் அளவுக்கு இழக்கிறது (10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு). 4 கிகாஹெர்ட்ஸ் அலை இழப்பது 0.2 டெசிபெல்தான். ஐப்பசி மழையில் வீட்டு டிஷ் நின்றுபோனாலும் கேபிளில் படம் ஓடுவது இதனால்தான்.

இனி டிஷ்ஷின் நடுவே தொங்கும் எல்.என்.பி.க்கு வருவோம். டிஷ் திரட்டும் மெல்லிய அலையைப் பெருக்கி, கேபிளில் போகும் அலைவரிசைக்கு மாற்றித் தரும் கருவி அது. கேபிள் ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூம் மாடியில் இருக்கும் 12 அடி டிஷ், ஒரு செயற்கைக்கோளில் சானல்களைக் கீழே அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களிடமிருந்தும் திரட்டும் மொத்த ஆற்றல் ஒரு மைக்ரோவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதை எல்.என்.பி. 60 டெசிபெல்லுக்கு, அதாவது பத்து லட்சம் மடங்குக்குப் பெருக்கித் தருகிறது. பரவலாக விற்கும் எல்.என்.பி.க்கள் 3,400 முதல் 4,200 வரை திறந்த வாய் கொண்டவை. 3,700க்குக் கீழே வருவது நமக்கு வேண்டாதது என்று அவற்றுக்குத் தெரியாது.

அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு 5ஜி ஆன்டெனா. 200 வாட்டை 24 டெசிபெல் குவிப்போடு நம் பக்கம் திருப்பும் கணத்தில், டிஷ் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அதன் ஓரத்தின் வழியாக ஏறக்குறைய ஒரு மைக்ரோவாட் உள்ளே கசிகிறது. வானிலிருந்து வந்ததைப்போல் பத்தாயிரம் மடங்கு.

இந்த இடத்தில் நடப்பதுதான் அழகு. பெருக்கியின் டிரான்சிஸ்டருக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதற்குக் கொடுத்திருக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டி அதன் வெளியீடு ஏறாது. பெரிய அலை அந்த வரம்பில் முட்டும்போது அதன் உச்சி தட்டையாகிறது. டிவி சிக்னல் அந்தப் பெரிய அலையின் முதுகில் நெளியும் சிற்றலை. உச்சி வெட்டுப்படும் ஒவ்வொரு முறையும் சிற்றலையும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. அதோடு நிற்பதில்லை. தட்டையான அலையில், உள்ளே வராத புதிய அலைவரிசைகள் பிறக்கின்றன. 3,600இலும் 3,660இலும் இரண்டு வலிய அலைகள் நுழைந்தால், 3,660இன் இரு மடங்கிலிருந்து 3,600ஐக் கழித்து வரும் 3,720இல் ஒரு போலி அலை எழும். அந்தப் போலி அலையை யாரும் ஒலிபரப்பவில்லை, எல்.என்.பி.யே அதை உண்டாக்கியது. 3,700ஐ ஒட்டியிருக்கும் சானல்கள் முதலில் உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோபுரம் இன்னும் கிட்டே இருந்தால் எல்லாமே போகும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. அலைவரிசையை மாற்றுவதற்காக சி பேண்ட் எல்.என்.பி. தனக்குள் உண்டாக்கும் உள்ளலை 5,150 மெகாஹெர்ட்ஸ். வானிலிருந்து வரும் அலையை அதிலிருந்து கழித்தால் கேபிளில் இறங்கும் அலைவரிசை கிடைக்கும். டிவி 950 முதல் 1,450க்குள் இருக்கும், 5ஜி 1,480 முதல் 1,850க்குள் விழும். எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அந்த 5ஜி பகுதியில் ஒரு மேடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். 5ஜி மில்லிநொடிக் கணக்கில் அணைந்து அணைந்து எரிவது, ஆகவே உச்ச அளவைப் பிடித்துவைத்துக் காட்டும் மேக்ஸ் ஹோல்டில் வைத்துப் பார்க்க வேண்டும். சராசரி அளவீட்டில் மேடு தாழ்ந்து தெரிந்து ஏமாற்றும்.

தீர்வு, 3,700 முதல் 4,200 வரை மட்டும் விடும் உலோகக் குழாய் வடிவ வேவ்கைடு ஃபில்டர். அதை, டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீட் ஹார்னுக்கும் எல்.என்.பி.க்கும் நடுவில் வைக்க வேண்டும். எல்.என்.பி.க்குப் பின்னால் கோஆக்ஸ் கேபிளில் போடும் மலிவான ஃபில்டர் பயன்படாது, வெட்டு விழுவது அதற்கு முன்பே. ஃபில்டருக்கும் விலை உண்டு. அது அரை டெசிபெல் இழந்தால், நம் ஊர் வெப்பத்தில் இருக்கும் அந்த உலோகம் ஏறத்தாழ 35 கெல்வின் இரைச்சலைத் தானே சேர்க்கும் (இரைச்சலை வெப்பநிலைக் கணக்கில் சொல்வது வழக்கம்). எல்.என்.பி.யின் சொந்த இரைச்சலே 30 கெல்வின் அளவுதான்! ஏற்கெனவே விளிம்பில் ஓடும் சானல் இதனாலேயே விழலாம், அப்போது டிஷ்ஷைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். கூடுதல் எடையில் ஃபீட் சற்றுத் தொங்கும், தாங்கு கால்களை இறுக்கி மறுபடி டியூன் செய்யுங்கள். இணைப்பு விளிம்பான ஃபிளாஞ்சின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும்.

அமெரிக்காவில் 3,700 முதல் 3,980 வரை 8,100 கோடி டாலருக்கு ஏலம் போனபோது, செயற்கைக்கோள் சேவைகளை 4,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே நகர்த்தும் செலவை ஏலம் எடுத்தவர்கள் ஏற்றார்கள். பதிவு செய்த டிஷ்களுக்கான ஃபில்டரும் அதில் அடக்கம். அதுவே நியாயம். ஒதுக்கீட்டுக் கோட்டைக் காகிதத்தில் நகர்த்துபவர்கள், மாடியில் இருக்கும் ரிசீவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சிறு கேபிள் ஆபரேட்டர் நான்கைந்து டிஷ்களுக்கும் தன் கையிலிருந்து ஃபில்டர் வாங்கும் நிலை வரக்கூடாது.

ஃபில்டர் போட்டபின் அனலைசரில் மேடு மறைந்தும் 3,705 போன்ற விளிம்புச் சானல் மட்டும் சோர்ந்தே இருந்தால், ஆபரேட்டர் கையில் ஒன்றும் இல்லை. ஃபில்டரின் சரிவு அந்த இடத்தையும் சேர்த்து அரிக்கிறது. சானல்காரர்தான் இன்னும் மேல் அலைவரிசையில் உள்ள டிரான்ஸ்பாண்டருக்கு நகர வேண்டும்.