சாலை வருகிறது என்பதற்காக மனை வாங்காதீர்கள்

மறுபடியும் ஒருவர் வந்தார். ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டு, வரப்போகும் சுற்றுச்சாலை ஓரமாக மனை வாங்கியிருக்கிறார். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் சாலையின் உத்தேசப் பாதை அவர் மனைக்குள்ளேயே போகிறது. நகரத் திட்டமிடல் துறையில் இருக்கும் எனக்கு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

"சாலை வந்தால் ஊர் வளரும், ஊர் வளர்ந்தால் விலை ஏறும்" என்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கணக்கை விடுங்கள். விலை, அறிவிப்பு வந்த அன்றே ஏறிவிடுகிறது. விஷயம் முன்கூட்டித் தெரிந்தவர்களால் அதற்கும் முன்பே ஏறுகிறது. பெருமுதலாளிகள் விளைநிலமாக இருக்கும்போதே மொத்தமாக வாங்கிப் போடுகிறார்கள். அதைச் சதுர அடிக் கணக்கில் உங்களுக்கு விற்கும்போது, இன்னும் போடாத சாலைக்கும் ஓடாத ரயிலுக்கும் சேர்த்தே விலை வாங்கிவிடுகிறார்கள். பத்து வருட வளர்ச்சிக்கு உண்டான பணத்தை நீங்கள் இன்றே கட்டிவிட்டீர்கள். அப்புறம் வளர்ச்சி தள்ளிப்போனால் வட்டி கட்டுவதும் நீங்கள்தான்.

ஸ்பெயினில் குவாதலஹாரா அருகே அதிவேக ரயில் நிலையம் 2003இல் திறந்தது. அதை ஒட்டிச் சுமார் 30,000 பேருக்கு வால்தெலூஸ் என்ற நகரைத் திட்டமிட்டார்கள். 2008 நெருக்கடியில் கடன் வரத்து நின்றதும் கட்டுமானமும் பாதியில் நின்றது. நிலையம் இருந்தது, அங்கே நிற்கும் ரயில்கள்தான் குறைவு.

ஜப்பானில் கோபயாஷி இச்சிசோவின் ரயில் நிறுவனம் 1910இல் ஒசாகாவிலிருந்து பாதை திறந்தபோது, அந்தப் பாதையில் இருக்கும் இகேதாவில் தானே வீடு கட்டித் தவணையில் விற்றது. 1929இல் ஒசாகாவின் உமேதா ரயில் முனையத்தில் பல்பொருள் அங்காடியும் திறந்தது. ரயில் ஒழுங்காக ஓடினால்தான் வீடு விற்கும், வீட்டில் ஆள் இருந்தால்தான் ரயிலுக்கு வருமானம். பாதை, நிலம், முதலீடு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தன. உங்கள் விஷயத்தில் சாலை போடுவது அரசு, மனை விற்பது வேறு ஆள். யாரும் குடிவராவிட்டால் விற்றவருக்கு ஒன்றும் குறையாது.

ஒரு ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று பார்க்க நாங்கள் முதலில் எடுப்பது குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை. வாங்க வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை!

சரி, என்ன செய்யலாம்? திட்டத்துக்கு நிதி ஒதுக்கி ஒப்பந்தம் விட்டாயிற்றா, வெறும் அறிவிப்புதானா என்று கேளுங்கள். நில எடுப்பு எல்லையை வரைபடத்தில் நீங்களே பாருங்கள், தரகர் வாய்வார்த்தை போதாது. குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலமா? மழைநீர் எங்கே வடிகிறது? குடிநீர், கழிவுநீர்ப் பெரிய குழாய்கள் எந்த இடத்தோடு நிற்கின்றன? பக்கத்தில் விற்காத மனைகள் எத்தனை? அவ்வளவும் விற்றுத் தீரும்வரை உங்கள் மனையை யார் கேட்பார்கள்?

கையில் இருப்பது ஓய்வுப் பணம் மட்டும்தான் என்றால், இன்றைக்கே குடிபோகக்கூடிய இடமாகப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் வரைபடத்தை ஒரு திட்டமிடுநரிடம் காட்டிவிடுங்கள்.