கிரிசாய்: வண்ணத்துக்கு முன் வரும் சாம்பல் புலி

எண்ணெய் வண்ணத்தில் புலி, சிறுத்தை தீட்டுபவர்களிடம் அடிக்கடி புழங்கும் சொல் 'கிரிசாய்'. வண்ணம் ஏறுவதற்கு முன்பே, சாம்பலின் அடர்த்தி வேறுபாடுகளை மட்டும் கொண்டு விலங்கின் உருவத்தை ஒளியும் நிழலுமாகத் தீட்டி முடிப்பது. பிரெஞ்சில் 'கிரி' என்றால் சாம்பல் நிறம், அதிலிருந்து பிறந்தது. பழுப்பில் செய்தால் 'புருனாய்', பச்சையில் 'வெர்டாய்'. சாம்பலிலேயே முடிந்துவிடும் ஓவியத்துக்கும் இதே பெயர்தான்: 1432-இல் நிறைவடைந்த, பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயப் பலிபீட ஓவியத்தின் வெளிக்கதவுகளில் கற்சிலைபோல் நிற்கும் திருமுழுக்கு யோவானும் நற்செய்தியாளர் யோவானும் கிரிசாய்தான்.

தமிழில்? 'அடிப்பூச்சு' பொருந்தாது; அது கேன்வாஸ் எண்ணெயை உறிஞ்சாதிருக்கப் பூசும் ஜெஸ்ஸோவுக்கு உரியது. 'அடித்தீட்டு' என்றால் 'தீட்டு' மனத்தை வேறெங்கோ இழுத்துவிடும். நெடுநல்வாடையில் அணி களைந்த அரசிக்கு உவமையாக வரும் 'புனையா ஓவியம்' எவ்வளவு அழகான தொடர்! ஆனால் நச்சினார்க்கினியர் உரைப்படி அது வண்ணமில்லாத கோட்டுச் சித்திரம். கரிக்கோட்டு நிலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஒளி நிழல் ஏறிய நிலைக்குச் 'சாம்பல் அடியோவியம்' என்பதே சரி.

இந்தச் சாம்பலைக் கலக்க, பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை போதும். ஐந்து படிச் சாம்பலை முதலிலேயே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐவரி பிளாக் என்னும் கறுப்பு வேண்டாம்: அதில் எண்ணெய் அதிகம், மெதுவாகக் காயும், மேலடுக்கு முந்திக் காய்ந்தால் பின்னால் வெடிப்பு விழும். அம்பரிலுள்ள மாங்கனீசோ காய்வதை விரைவுபடுத்தும். இந்த அடுக்கைச் சிறிது டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் பூசி, ஆளிவிதை எண்ணெயை மேலடுக்குகளுக்கு ஒதுக்குங்கள்.

ஒளிபுகும் மேல்வண்ணம் எதுவானாலும் அடியை இருட்டாக்கும். அதனால் அடியோவியம் ஒரு படி வெளிறியே இருக்கட்டும். புலியின் வரிகளை இப்போதே விலாவின் வளைவோடு வளைத்துப் போட்டுவிட வேண்டும். கடைசியில் சேர்த்த வரி, உடம்பில் ஒட்டிய நாடாவாகத்தான் தெரியும். நிழலில் உள்ள மார்பு வெள்ளையை நடுச்சாம்பலில் நிறுத்துங்கள்; அங்கேயே தூய வெள்ளையைச் செலவழித்தால் மயிர் நுனிக்கு வெளிச்சம் மிஞ்சாது. கண்மணி வட்டம், வீட்டுப் பூனையின் கீற்றுக் கண்மணியை வைத்தால் புலி போய்விடும்.

அடியோவியத்தில் தனித்தனி மயிரிழை கூடாது, திரள் மட்டுமே. நகத்தால் அழுத்தித் தடம் பதியாத அளவு காய்ந்த பிறகே வண்ணம். ஈரத்தின்மேல் பூசினால் சாம்பல் கிளம்பி ஆரஞ்சைச் சேறாக்கும். மயிர் அதற்கும் பிறகு: முதலில் இருண்ட இடைவெளிகள், அடுத்து நடுநிறம், இறுதியில் ரிக்கர் என்னும் நீண்ட மெல்லிய தூரிகையால் ஒளிபடும் நுனிகள். மூக்குத்தண்டில் குட்டையாகத் தொடங்கி நெற்றிக்கு மேலேறி, கன்னத்தில் வெளிப்புறமாக நீளும் போக்கைப் பின்பற்றுங்கள். நிழல் பக்கத்தில் நான்கைந்து இழை போதும்.