இன்னைக்கு ராத்திரி எங்க படுப்பீங்க?

குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மாத்திரை வேளை, அடுத்த ரிவ்யூ தேதி எல்லாம் அப்புறம். பெங்களூரில் மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் பெரும்பாலும் என்னிடம் அனுப்புவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்திலிருந்து பெயின்ட் அடிக்க, சென்ட்ரிங் போட, மூட்டை தூக்க வந்தவர்கள்; இல்லையென்றால் ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், நீலசந்திராவில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். வாடகை பாக்கி, வீட்டில் சண்டை, அடிதடி, கடைசியில் கே.ஆர். மார்க்கெட் அல்லது கலாசிப்பாளையத்தில் ஒரு கடை வாசல். குடியால் தெருவுக்கு வந்தவர்களும் உண்டு, தெருவுக்கு வந்தபின் குடிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு.

மார்க்கெட் மேம்பாலத்தடியில் படுத்துவந்த ஒரு பெயின்டரைச் சொல்கிறேன். வார்டில் நன்றாகத் தேறினார். கை நடுக்கம் போய், தானே சவரம் செய்துகொள்ளும் அளவுக்கு வந்தார். ஆசையைக் குறைக்கும் மாத்திரை, வைட்டமின், மருந்துச்சீட்டு மூன்றையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம். அவருக்கென்று இருந்த ஒரே அலமாரி சட்டைப்பை. முதல் ராத்திரி மழையில் உறை ஊறிப்போனது. அடுத்த ராத்திரி அதில் காசு இருக்கும் என்று நினைத்து யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரு கட்டிங் போட்டாத்தான் அங்க தூக்கம் வரும் மேடம்" என்றார், திரும்பி வந்தபோது. கொசு, குளிர், போலீஸ் தடி, பக்கத்தில் படுத்திருப்பவன் மேல் பயம். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் தெளிந்த புத்தியோடு படுத்திருக்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். அவருடைய ஃபைலில் 'மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை' என்று ஒரு வரி ஏறியது. மருந்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று அந்தப் படிவம் எங்கேயும் கேட்பதில்லை.

இரவு தங்குமிடத்துக்குப் போனால், குடித்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அங்கிருக்கும் காவலாளியை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே ஆள், இரவு முழுக்க நாற்பது ஐம்பது பேரைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் இந்த விதியால் யாருக்கு இடம் மிக அவசரமோ அவர்தான் முதலில் வெளியே நிற்கிறார். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி, நகரத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் அளவுக்கு நிரந்தரத் தங்குமிடம் வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே பெங்களூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 84 லட்சம். அந்தக் கணக்கை நகரம் இன்னும் எட்டவில்லை. குடியிலிருந்து மீள்கிறவர்களுக்கென்று தனி இடம் என்பது அதைவிட அரிது.

'முதலில் நிறுத்திவிட்டு வா, பிறகு இடம்' என்ற வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. நியூயார்க்கில் 1990களில் இதைச் செய்து பார்த்தார்கள். பின்லாந்து 2008 முதல் நாடு முழுக்கக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. வீடு கிடைத்ததும் குடி நின்றுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வீடு நிலைக்கிறது. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது, அதனால் சிகிச்சையும் அவரைத் தேடிப் போக முடிகிறது.

கூரை என்று நான் சொல்லும்போது பக்கத்தில் ஒரு ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முக்கியமாகக் குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்களுக்கு. தினமும் குடிக்கிற ஒருவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், ராத்திரியில் எழுந்து ஓடுவார். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போய், அங்கிருந்து எங்களிடம் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கார்த்திகை மாதம் எனக்கு எப்போதும் ஒரு பதற்றம் இருக்கும். மாலை போட்டுக்கொண்டு அன்றே குடியை நிறுத்துகிறவர்கள் நம்மில் நிறைய. அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன். தினக்குடிகாரராக இருந்தால், மாலை போடுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க, சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினால் போதாது. தயமின் என்ற பி1 ஊசி போட்டார்களா என்று கேளுங்கள், அதுவும் குளுக்கோஸுக்கு முன்பே. நாள்பட்டுக் குடிப்பவரின் உடம்பில் பி1 குறைந்துபோயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று யாராவது பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். பல நேரம் அதில் இருப்பது டைசல்ஃபிரம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயம் வரைக்கும் அடி விழும். டாக்டர் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

வேறு வழியில்லாமல்தான் குடும்பங்கள் சில தனியார் போதை மீட்பு மையங்களின் வேன்காரர்களைக் கூப்பிடுகின்றன. ராத்திரி வந்து ஆளைத் தூக்கிப்போய், மாதக்கணக்கில் பூட்டிவைத்து, போனில்கூடப் பேசவிடாத இடங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் பயப்படுகின்றன, அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மது, போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்புகளும் 2017 மனநலச் சட்டத்துக்குள் அடங்கும். அதன்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் தானாகப் போகலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எந்த டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். படுக்கும் இடத்தைப் பார்க்க விடவில்லையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அதே சட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவு, 18(7). வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர், பிபிஎல் கார்டு கையில் இல்லாவிட்டாலும் சரி, ஆதரவற்றவர், வீடற்றவர், இவர்களுக்கெல்லாம் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறது, ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறது என்று கவுன்டரிலிருந்து திரும்பிவிடாதீர்கள். அங்கிருக்கும் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வு சொல்கிறது. அந்த ஒருவரும் திரும்ப மேம்பாலத்தடிக்கே போய்விடக்கூடாது என்று, டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்பே நாங்கள் போன் போட ஆரம்பிக்கிறோம். பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறை ஒன்று எங்காவது இருக்கும். அதில் இன்னொரு பாய் போட இடம் கேட்போம். வாடகையைவிட அட்வான்ஸ்தான் இந்த ஊரில் கழுத்தை நெரிக்கும், அதைத் தவணையாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரரிடம் பேசுவோம். அந்த அறையில் குடிக்கிற ஆள் இருந்தால் வேறு அறை தேடுவோம். மேஸ்திரியிடமும் பேச வேண்டும். சாயங்காலம் கையில் கூலியோடு சேர்த்து 'குவார்ட்டர் காசு' கொடுக்கும் வழக்கம் பல சைட்டில் இருக்கிறது. சனிக்கிழமை பேங்க் கணக்கில் போடுங்கள் அண்ணே என்று கேட்டால், பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள்.

சொந்தக்காரருக்காகவோ, தெருவில் தினமும் பார்க்கிற ஒருவருக்காகவோ கேட்க வேண்டுமென்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய எண். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதைப்பழக்கத்துக்கென்றே தனி மருத்துவ மையம் இருக்கிறது. குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, பெங்களூரில் தமிழிலும் நடக்கின்றன. எங்கே பேசினாலும், அவர் இப்போது எங்கே தூங்குகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவர் குறித்துக்கொள்ளவில்லையென்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.