சாட்சிக் கையெழுத்து கேட்டு வந்தால்

கோயில் உண்டியல் உடைந்தாலும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஆடு காணாமல் போனாலும், ஸ்டேஷன் ஜீப் பெரும்பாலும் ஒரே தெருவுக்குத்தான் போகிறது. ஏற்கெனவே பெயர் கெட்டுப்போன பையன் ஒருவன் அங்கே இருப்பான். அவனைத் தூக்கியதும் ஊருக்கு ஒரு நிம்மதி. நிஜமாக எடுத்தது யார் என்ற பேச்சே அதோடு அடங்கிவிடும். பிறந்த சாதிக்காகவே ஆட்களைக் குற்றவாளியாகப் பதிந்த ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது. பழக்கம் ஒழியவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குப் போலீஸைவிட நம்மைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதை வைத்துப் பொருளைக் கைப்பற்றியதாகக் காட்டினால், அந்த அளவுக்குச் செல்லும். காட்டுவதற்கு, கைப்பற்றிய விவரத்தை எழுதும் தாளான மகஜரில் ஊர்க்காரர் இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். "அண்ணாச்சி, சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று டீக்கடையில் தாளை நீட்டுவது இதற்காகத்தான்.

வருஷங்கள் கழித்து அண்ணாச்சி கூண்டில் ஏறுவார்.

"அரிவாளை எங்கே பார்த்தீங்க?"

"ஸ்டேஷன் மேசையில இருந்துச்சு, சார்."

போலீஸ் தரப்புக்கு மாறாகச் சொன்னதால் பிறழ் சாட்சி என்பார்கள். பையன் விடுதலை ஆகலாம். பாளையங்கோட்டைச் சிறையில் போன மாதங்கள் போனதுதான்.

எழுத்து மூலம் அழைத்தால் சோதனைக்குச் சாட்சியாகப் போயாக வேண்டும், காரணமில்லாமல் மறுப்பது குற்றம். சரி, போங்கள். கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாள் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். எடுத்தார்களா என்று கேட்கலாம். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் உங்கள் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 181.

நாளைக்கும் அதே ஏட்டையாவுக்கு டீ ஆற்ற வேண்டியவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் பார்த்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அவரும் பயந்துகொண்டுதான் கையெழுத்திட்டார்.

உடனே மறுக்க முடியாவிட்டால் "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்று நேரம் வாங்குங்கள். வக்கீல் இல்லாதவர்கள் 15100-ல் இலவச சட்ட உதவி கேட்கலாம். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். அங்கே தெரிந்தே பொய் சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை.